மழைக்காலக் காளான்: பறிக்கலாமா, சமைக்கலாமா?

(அக்டோபர் மாதக் கூட்டத்தின் முடிவில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கடைசியில் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறோம்.)

பார்க்கிங் தகராறும் தண்ணீர் லாரிக் கணக்கும் முடிந்த பிறகும் காளானைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது எனக்கே ஆச்சரியம். செயலாளர் பத்து நிமிடம் என்றார். கொஞ்சம் கூடத்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பி பிளாக்குக்குப் பின்னால் உள்ள புல்தரையில், கோலப்புள்ளி வைத்தது மாதிரி வட்டமாக வெள்ளைக் குடைகள். "இது புற்றுக்காளானா? குழம்பு வைக்கலாமா?" என்று கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் தாராளமாக வைக்கலாம் என்றார்கள். ஒருவர் வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒருவர் பூண்டு. ஒருவர், பூச்சி கடித்திருந்தால் பயமில்லை என்றார். நான் ஒரே வார்த்தை போட்டேன்: "வேண்டாம்." ஏன் வேண்டாம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி முடியாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்தால் காளான் காலம் என்பது இலையுதிர் காலம். ஓக் மரக் காடு, உதிர்ந்த சருகு, கூடை தூக்கிக்கொண்டு போகும் குடும்பம். நமக்கு அப்படி இல்லை. மண் குளிர நனைந்து, பிறகு இரண்டு நாள் லேசாக வெயில் அடித்தால் அதுதான் நமக்குக் காளான் காலம். தர்மபுரி மாவட்டத்தில் ஆவணிக் கடைசியில் ஆரம்பித்து கார்த்திகை வரை அது நீளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் என்று கொட்டியதே, அந்த மாதிரி மழைக்குப் பிறகு மண்ணுக்குள் எது எது உறங்கிக்கிடந்ததோ எல்லாம் தலை காட்டும்.

காளான் செடி அல்ல, பூஞ்சை. நாம் பார்க்கும் குடை அதன் பழம் மாதிரி. மரம் மண்ணுக்குள் இருக்கிறது. நூல் நூலாக, வெள்ளை இழைகளாக. மக்கிய மரம், சருகு, சாணம், செத்த வேர் எது கிடைத்தாலும் அதைத் தின்று வளரும். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது என்கிறார். ஆம்பி என்றால் காளான். ஈரமும் மக்கும் பொருளும் இருந்து, யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் காளான் வரும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

இப்போது புற்றுக்காளானுக்கு வருகிறேன். இது நம் ஊர்க் காளான். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் இது அப்படிப்பட்ட அதிசயம்.

கரையானால் மரத்தையும் சருகையும் தானாக முழுசாகச் செரிக்க முடியாது. அதனால் ஒரு வகைக் கரையான் விவசாயம் செய்கிறது. புற்றுக்குள், தரைக்குக் கீழே, மென்று கொண்டுவந்த மரத்தூளைத் தேன்கூடு மாதிரி அடுக்கி வைத்து, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை மரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது, கரையான் அதைச் சாப்பிடுகிறது. நாம் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்த பயிர்த்தொழில் இது. மழைக்காலம் வரும்போது அந்தப் பூஞ்சை தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. அதுதான் புற்றுக்காளான். விஞ்ஞானப் பெயர் டெர்மிடோமைசிஸ். கரையான் பூஞ்சை என்றே பொருள். இதில் ஓர் இனத்தை உலகுக்கு முதலில் விவரித்து எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் கே. நடராஜன், 1979இல். பிரெஞ்சு பூஞ்சையியலாளர் ரோஜர் ஹெய்ம் நினைவாக அதற்கு ‘ஹெய்மி’ என்று பெயர் வைத்தார்.

இன்னொரு விஷயம். இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய இருக்கிறீர்கள். காளானுக்குத் தெலுங்கில் என்ன? புட்டகொடுகு. புற்றுக்குடை. பாருங்கள், பேரிலேயே இடம் இருக்கிறது. வெறும் குடை இல்லை, புற்றின் மேல் வரும் குடை. நாம் தமிழில் நாய்க்குடை என்று ஒதுக்குவோமே, அதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் காளான் பறிக்கும் அம்மாக்கள் எப்படிப் பறிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் காளானைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்ப்பார்கள். இன்னார் கடலைக்காட்டு வரப்பில், புளிய மரத்துக்குக் கிழக்கே இருக்கும் புற்று. போன வருஷமும் அங்கேதான் வந்தது, அதற்கு முன் வருஷமும் அங்கேதான். எந்த மழைக்கு எத்தனையாவது நாள் வரும் என்று தெரியும். பிடுங்கும்போது விரலை மண்ணுக்குள் விட்டு அடியிலிருந்து எடுப்பார்கள். புற்றுக்காளானுக்கு வேர் மாதிரி ஒரு நீளமான கால் கீழே கரையான் கூடு வரைக்கும் போகும். அந்தக் கால் இல்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் அவர்களுடைய அறிவு. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். நான் 30 வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த அம்மாக்களில் ஒருவர் அவருடைய புற்றிலிருந்து பறித்துக் கொடுத்தால் சாப்பிடுவேன். அவரே நம் புல்தரையில் பறித்துக் கொடுத்தால் சாப்பிட மாட்டேன்.

அந்த அறிவு அந்த இடத்தோடு கட்டப்பட்டது. இடம் மாறினால் அது செல்லாது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

நம் புல்தரையில் வட்டமாக வந்திருப்பது என்ன? போய்ப் பார்த்தேன். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பெயர். வெப்ப நாடுகளில் புல்வெளி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும். முளைக்கும்போது முரசு அடிக்கும் குச்சி மாதிரி, மேலே உருண்டை. விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம் கூட வரும். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக. தண்டில் ஒரு வளையம். பார்த்தால் அழகு, முகர்ந்தால் நல்ல காளான் வாசனை, சாப்பிட்டவர்கள் ருசியாகத்தான் இருந்தது என்று சொல்வார்கள். உலகில் காளானால் வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் நிறைய பேர் இந்த ஒன்றைச் சாப்பிட்டவர்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தத்தோடு. பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றிப்போவதே ஆபத்து.

இதைப் புற்றுக்காளானிலிருந்து பிரிக்க முடியாதா என்று கேட்பீர்கள். நன்றாக விரிந்த பிறகு முடியும். குடையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மடிப்பு மடிப்பாகச் செவுள்கள் இருக்கும். இதற்கு அவை முதலில் வெள்ளையாக இருந்து, முதிர முதிரப் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். ஆனால் நம் ஆட்கள் எப்போது பறிப்பார்கள்? மொட்டாக இருக்கும்போது. அப்போதுதான் ருசி. அந்த நேரத்தில் இரண்டும் வெள்ளை. தண்டில் வளையம் இருக்கிறதே என்றால், புற்றுக்காளானில் சில இனங்களுக்கும் வளையம் உண்டு. இன்னொரு சிக்கல்: நம் குடியிருப்பு வருவதற்கு முன் இது கடலைக்காடு. புற்றுகளை இடித்துச் சமன் செய்துதான் புல் போட்டார்கள். மண்ணுக்கு அடியில் கரையான் கூடு இன்னும் இருக்கலாம். அசல் புற்றுக்காளானே இங்கே வரலாம், இந்த விஷக்காளானுக்குப் பக்கத்திலேயே. ஒரே கூடையில் இரண்டும் சேர்ந்தால் யாரால் பிரிக்க முடியும்?

வீட்டுச் சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை பட்டாலும் கறுக்கும். காளான் விஷத்துக்கும் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பூண்டும் அரிசியும் நிறம் மாறுவதும் அப்படியே. பூச்சி கடித்தால் நல்லது என்பது இன்னும் மோசம். மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் சில ஈக்களின் புழுக்களும் சுகமாகத் தின்று வளரும். தோல் உரிந்தால் நல்லது என்பார்கள்; உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற காளானுக்கும் தோல் அழகாக உரியும். புளித்தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ கொதிக்க வைத்தால் போய்விடும் என்பதற்கு, இப்போது சொல்லப்போகும் விஷத்தின் கதையே பதில்.

இதுவரை சொன்னது வயிற்றைக் கலக்கும் காளான். இனிச் சொல்வது உயிரை எடுக்கும் காளான். அமானிட்டா என்னும் இனக்குழுவில் சில, லெபியோட்டா என்னும் சின்னக் காளான்களில் சில. லெபியோட்டா தோட்ட மண்ணிலும் வரும். இவற்றில் உள்ள விஷத்துக்கு அமடாக்சின் என்று பெயர். வேக வைத்தாலும், வறுத்தாலும், காயப்போட்டாலும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அது அழியாது. சுவையிலும் தெரியாது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய, மரபணுவிலிருந்து ஒரு நகல் எடுக்கும். அந்த நகல் எடுக்கும் எந்திரத்தையே இந்த விஷம் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதிக வேலை செய்யும் உறுப்பு முதலில் சாகும். கல்லீரல்.

இதில் மிகவும் கெட்டது அது எடுத்துக்கொள்ளும் நேரம். சாப்பிட்டு ஆறு மணி நேரம், பல சமயம் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாது. மத்தியானம் சாப்பிட்டால் நடுராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். மத்தியானம் சாப்பிட்ட காளான் யாருக்கும் நினைவுக்கு வராது. ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டுவோம். அடுத்து இன்னொரு ஏமாற்று: இரண்டாம் நாள் வாந்தி நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அந்த ஒரு நாளில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், நினைவு தப்பும்.

ஆஸ்திரேலியாவில் எரின் பாட்டர்சன் வழக்கைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2023 ஜூலை 29, மத்தியான விருந்து. சாப்பிட்டவர்களுக்கு அன்று இரவுதான் உடம்பு கெட ஆரம்பித்தது. மூன்று பேர் இறந்தது ஆகஸ்ட் 4, 5 தேதிகளில். 2025 ஜூலையில் அது கொலை என்று தீர்ப்பு வந்தது. கொலையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்தத் தேதிகளைப் பாருங்கள். விருந்துக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு வாரம். நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கிற நாட்டிலேயே.

நம் நாட்டில் இது எங்கே நடக்கிறது? மேல் அசாமில் 2022 ஏப்ரலில் சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள், குழந்தை உட்பட. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழை வந்ததும் காட்டுக் காளான் பறித்துச் சமைப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். முன்பும் சாப்பிட்டவர்கள்தான். திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பலருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. மேகாலயாவிலும் இப்படிச் சாவுகள் வருஷங்கள் விட்டு வருஷங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

முன்பு இடம் மாறினால் அறிவு செல்லாது என்றேனே, அதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 31, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பரா. சீனாவிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு சமையற்காரர், புத்தாண்டு இரவுக்காகக் காளான் பறித்துச் சமைத்தார். அவரும் கூடச் சாப்பிட்ட ஒரு பெண்ணும் சில நாட்களில் இறந்தார்கள். அவர் காளான் தெரியாதவர் அல்ல, சமையலே தொழில். அவர் நினைத்தது வைக்கோல் காளான் என்று. அவர் ஊரில் தினம் சாப்பிடுவது. வைக்கோல் காளானும் முட்டை மாதிரி ஓர் உறையைக் கிழித்துக்கொண்டுதான் வரும், அமானிட்டாவும் அப்படித்தான். கான்பராவில் தெருவோரம் ஐரோப்பிய ஓக் மரங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். அமானிட்டா அந்த மரத்தோடு கூடவே வந்த விருந்தாளி. சீனாவில் சரியாக இருந்த கண், கான்பராவில் கொன்றுவிட்டது.

அடுத்தது 2021. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பித்துப் போலந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குடும்பம். வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாம், அதை ஒட்டிக் காடு. காளான் பறித்துச் சூப் வைத்தார்கள். ஐந்து வயதும் ஆறு வயதுமான இரண்டு பையன்கள். பெரியவனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே செய்தார்கள். இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். குண்டிலிருந்து தப்பி வந்த குழந்தைகள். (சற்று நிறுத்திவிட்டு) சரி.

இதைக் கேட்டு அது வெளிநாடு என்று நினைக்காதீர்கள். நம் காம்பவுண்டுக்குள்ளேயே இடம் மாறி வந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னால் புது பிளாக் கட்டுகிற வேலையில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த தம்பிகள் தகர ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் மழைக்காலத்தில் சால் மரக்காட்டு மண்ணைக் கிளறி ருக்டா என்று ஒன்று எடுப்பார்கள்; உருண்டையாக, சின்ன உருளைக்கிழங்கு மாதிரி. கறிக்குச் சமம் என்று கொண்டாடிச் சாப்பிடுவார்கள். நம் பக்கம் தைல மரத்தோப்புகளில் அதே மாதிரி உருண்டையாக மண்ணில் பாதி புதைந்து ஒன்று வரும். வெட்டினால் உள்ளே கறுப்பு. அது வேறு, அது விஷம். இன்னும் விரியாத அமானிட்டா மொட்டும் வெளியிலிருந்து பார்த்தால் உருண்டைதான். அந்தத் தம்பிகளுக்கு நம்மைவிடக் காளான் நன்றாகத் தெரியும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. தெரியாதவன் தொட மாட்டான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். நுழைவாயிலிலும் அந்த ஷெட்டிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பலகை வையுங்கள்: இங்கே முளைக்கும் காளானைச் சமைக்க வேண்டாம், சாப்பிட்டு வாந்தி வந்தால் உடனே செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களுக்காக 108ஐ அழைக்க நம்மில் யாராவது ஒருவருடைய கைபேசி எண் அதில் இருக்கட்டும். என் எண்ணைப் போடுங்கள், எனக்குத் தூக்கம் குறைவுதான். (சிரிப்பு)

யாராவது சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? சாப்பிட்டது காட்டுக் காளான் என்று தெரிந்தாலே போதும், வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லோரும் போகவேண்டும், எனக்கு ஒன்றும் இல்லை என்பவரும். உப்புத்தண்ணீர் குடித்து வாந்தி எடுப்பது, மோர், விளக்கெண்ணெய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அதில் போகும் நேரம் திரும்பி வராது. மீதமுள்ள காளானை, பறித்ததோ சமைத்ததோ, குப்பைத் தொட்டியில் கிடந்தாலும் எடுத்துக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். முளைத்த இடத்தைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி, இரண்டையும் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு அந்த இரண்டு நேரமும் ரொம்ப முக்கியம். இடைவெளி ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் கல்லீரலைக் கவனிக்கவேண்டிய கேஸ். ஆனால் சீக்கிரம் வாந்தி வந்துவிட்டது, எனவே பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். இரண்டு வகைக் காளான் கலந்து சாப்பிட்டிருக்கலாம்.

முதலுதவி அரூரோ தர்மபுரியோ எது சீக்கிரமோ அங்கே கிடைக்கும். கல்லீரல் சம்பந்தப்பட்டது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகவேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அதற்கு மேல் சேலம். சீக்கிரம் போனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது: விஷத்தை உறிஞ்சும் கரித்தூள், நரம்பு வழியாகத் திரவம், கல்லீரலைக் காக்கும் அசிட்டைல்சிஸ்டீன் போன்ற மருந்துகள். தாமதமானால் மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி. இரண்டாம் நாள் தெம்பாக எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போகலாம்" என்று அவரே சொன்னாலும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் கூட்டி வராதீர்கள். அந்த ஏமாற்றைத்தான் முன்னாலேயே சொன்னேன்.

அவ்வளவுதான். கேள்விகள் கேட்கலாம்.

(சி பிளாக் அம்மா ஒருவர்: குழந்தை அதைத் தொட்டுவிட்டாள், கை கழுவினால் போதுமா?)

போதும் அம்மா. தொட்டால் விஷம் ஏறாது. வாயில் வைத்தாளா என்பதுதான் கேள்வி. தவழும் குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள், அதனால் மழை விட்ட மறுநாள் காலையில், பிள்ளைகள் விளையாட வருவதற்கு முன் தோட்டக்காரர் ஒரு சுற்று போய்ப் பிடுங்கிவிட்டால் நல்லது. வீட்டு நாய்க்கும் இதே விதிதான். நாய் தின்றுவிட்டால் கால்நடை டாக்டரிடம் காத்திருக்காமல் போங்கள்.

(பொருளாளர்: மருந்து அடித்து ஒரேயடியாக ஒழிக்க முடியாதா? செலவு எவ்வளவு ஆகும்?)

முடியாது, சார். காசு மிச்சம். (சிரிப்பு) குடையைப் பிடுங்கினாலும் இழை மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதுவரை போகாது. அது புல்லுக்கும் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் மண்ணுக்குள் கிடக்கும் குப்பையை உரமாக்குகிறது. பி பிளாக் பின்னால் தோண்டிப் பாருங்கள், கட்டுமானத்தின்போது புதைத்துவிட்டுப்போன சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அவை மக்கித் தீரும்வரை வெவ்வேறு காளான்கள் வரத்தான் செய்யும். ராத்திரியில் ஸ்பிரிங்க்ளர் ஓடவிடாமல் காலையில் விட்டால் கொஞ்சம் குறையும்.

(ஒன்பதாம் வகுப்பு மாணவி: அது அந்தப் பச்சைக் காளான்தான் என்று எப்படி நிச்சயமாகத் தெரியும், சார்?)

நல்ல கேள்வி. செய்து பார்க்கலாம், அப்பா அம்மா கூட இருக்கும்போது. நன்றாக விரிந்த குடையை எடு, தண்டை வெட்டிவிடு, செவுள் கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வை, மேலே ஒரு பாத்திரத்தை மூடு. ராத்திரி முழுக்க அப்படியே விடு. காலையில் எடுத்தால் காகிதத்தில் சக்கரம் மாதிரி ஒரு படம் விழுந்திருக்கும். காளானின் வித்துத் தூள் அது. புற்றுக்காளானுக்கு வெளிர் ரோஜா நிறம் வரும். நம் புல்தரைக்காரருக்குப் பச்சை. குடைக்காளான்களில் பச்சைத் தூள் விழுவது அபூர்வம், அதனால் அடையாளம் உறுதி. ஆனால் ஒன்று: பச்சை வந்தால் விஷம் என்று சொல்லலாம், பச்சை வராவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. அமானிட்டாவுக்கு வெள்ளைத் தூள்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதே. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரொம்ப அழகாக இருக்கும்.

(இளைஞர் ஒருவர்: கொடைக்கானல் பக்கம் விற்கிறார்களே, போதைக் காளான்...)

தம்பி, அது சட்டப்படி குற்றம், அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நான் பூஞ்சைக்காரனாகச் சொல்கிறேன்: காய்ந்து சுருங்கி ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தால் அது எந்தக் காளான் என்று எனக்கே தெரியாது, விற்கிறவனுக்குத் தெரியும் என்று எப்படி நம்புவது? லெபியோட்டா காய்ந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

(ஏ பிளாக் அம்மா: அப்படியானால் காளானே சாப்பிடக் கூடாதா, சார்? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்பப் பிடிக்கும்.)

ஐயோ, அப்படிச் சொல்லவே இல்லை. வளர்த்த காளான் சாப்பிடுங்கள். மொட்டுக்காளான், சிப்பிக்காளான் எல்லாக் கடையிலும் இருக்கிறது. நம் வெயிலுக்கு ஏற்றது பால்காளான். வெள்ளையாக, கெட்டியாக, கடித்தால் கறி மாதிரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்று ஒரு ரகம் வெளியிட்டது. நம் ஊர் வெப்பத்திலேயே, வைக்கோலில், மேலே கொஞ்சம் மண் போட்டால் வரும். புற்றுக்காளான் ஆசை இருந்தால், பறிக்கிற அம்மாவை உங்களுக்கு வருஷக்கணக்காகத் தெரியும், எந்தப் புற்று என்று அவர் சொல்கிறார் என்றால் வாங்குங்கள். சந்தையில் முகம் தெரியாதவர் கூறு கட்டி வைத்திருப்பதை வாங்காதீர்கள். கால் வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள். அந்த நீள வேர் இருக்கவேண்டும்.

மாடியில் இடம் இருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் பால்காளான் படுக்கை ஒன்று போட்டுப் பார்க்கலாம். விதைப் பை எங்கே வாங்குவது என்று விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். நிழலும் ஈரமும் வேண்டும், அதனால் டி பிளாக் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையைச் சங்கம் கொடுக்குமா என்று செயலாளர்தான் சொல்லவேண்டும்.

(செயலாளர்: அங்கே பழைய மோட்டார் கிடக்கிறது, சார்.)

அதை முதலில் எடுங்கள்.